தீயணைப்பு வீரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகை: கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கல்லூரி உதவித்தொகைப் பிரிவின் மேசைக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஃபயர் சர்வீஸ்ல இருக்கிறவங்க பிள்ளைங்களுக்குன்னு தனி ஸ்காலர்ஷிப் இருக்காமே, எந்த வெப்சைட்டுல போடணும்?" அப்படி ஒரே ஒரு திட்டத்தைத் தேடிக்கொண்டே ஜூன், ஜூலையைக் கழித்துவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம். பணம் கிடைப்பது பெரும்பாலும் எல்லா மாணவருக்கும் பொதுவான திட்டங்களிலிருந்துதான். அப்பாவின் வேலை அவற்றில் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அப்பா என்று எழுதுவது வசதிக்காக. அம்மா துறையில் இருந்தாலும் வழி இதேதான்.

1. அப்பாவுக்குச் சம்பளம் போடுவது யார் என்று பாருங்கள்

சிவப்பு வண்டி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சம்பளம் போடுகிறவர்கள் வேறு வேறு. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் நிலையங்களில் இருப்பவர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஊழியர், அதாவது மாநில அரசு ஊழியர். புதுச்சேரி நிலையங்களில் இருப்பவர் யூனியன் பிரதேச அரசு ஊழியர். நெய்வேலியில் சிஐஎஸ்எஃப் சீருடையில் தீயணைப்புப் பணி பார்ப்பவர் மத்திய ஆயுதக் காவல் படையைச் சேர்ந்தவர். சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் தீயணைப்புக் குழுவில் இருப்பவர் தனியார் ஊழியர்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். "சீருடைப் பணியாளர் பிள்ளைகளுக்கு மாதம் மூவாயிரம்" என்று வாட்ஸப்பில் சுற்றுவது இதுதான். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு 2,500 ரூபாய் என்பது உண்மை. ஆனால் அது முன்னாள் படைவீரர்கள், மத்திய ஆயுதக் காவல் படையினர், ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. பயங்கரவாத, நக்சல் தாக்குதலில் உயிரிழந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளை 2019-ல் சேர்த்தார்கள். மாநிலத் தீயணைப்போர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே நெய்வேலி சிஐஎஸ்எஃப் குடும்பம் இதற்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், முதலாம் ஆண்டிலேயே போட வேண்டும். கடலூர் நிலையத்துக் குடும்பம் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று, துறையின் சேமநல நிதி, பணியாளர் சங்கம், சிக்கன நாணயச் சங்கம் போன்றவை பிள்ளைகளுக்கு உதவி அறிவித்தால், அது சுற்றறிக்கையாக நிலையத்துக்குத்தான் வரும். செய்தித்தாளில் தேடிப் பயனில்லை. ரிசல்ட் வந்தவுடனே நிலைய அலுவலரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வருகிறார்கள். கடைசித் தேதியும் படிவமும் அடுத்த பக்கத்தில் இருக்கும். முழுச் சுற்றறிக்கையின் நகலை வாங்கி வரச் சொல்லுங்கள்.

2. குடும்ப வருமானத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

திட்டங்களின் பட்டியலைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உதவித்தொகைத் திட்டங்களை வருமான வரம்பை வைத்துப் பார்த்தால் நான்கு படிகள்தான்: இரண்டரை லட்சம், நாலரை லட்சம், எட்டு லட்சம், வரம்பே இல்லாதவை.

தமிழ்நாட்டில் தீயணைப்போர் பணியின் ஊதிய விகிதம் 18,200 முதல் 67,100 வரை. நேற்றுச் சேர்ந்தவருக்கே அகவிலைப்படியோடு சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் தாண்டிவிடும். கல்லூரிக்குப் போகும் வயதில் பிள்ளை இருக்கிறது என்றால் அப்பாவுக்குச் சர்வீஸ் கூடுதலாகவே இருக்கும், நாலரை லட்சமும் பெரும்பாலும் தாண்டியிருக்கும். அம்மாவும் சம்பாதித்தால் அதுவும் கணக்கில் வரும். ஆக, பணியில் இருக்கும் தீயணைப்பு வீரரின் பிள்ளைக்கு நிஜமாகத் திறந்திருப்பவை எட்டு லட்சம் வரம்புள்ள திட்டங்களும் வரம்பே இல்லாத திட்டங்களும்தான். இது தெரிந்தால் தாலுகா அலுவலகத்தில் போய் "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க சார்" என்று நிற்கத் தேவை இருக்காது. அரசு ஊழியரின் சம்பளம் கருவூலப் பதிவில் இருக்கிறது. குறைத்துக் காட்டிய சான்று பின்னால் அப்பாவின் வேலைக்கே வினையாகும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மத்திய அரசின் ஓபிசி சான்றில் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவா என்று பார்க்கும்போது பெற்றோரின் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. "அதுக்குச் சம்பளம் கணக்கில்லைன்னு சொன்னாங்களே" என்று அதே நினைப்பில் உதவித்தொகைக்கும் வருமானத்தைப் பூஜ்யம் என்று நிரப்புகிறார்கள். உதவித்தொகைக்குச் சம்பளம் முழுவதும் வருமானம்தான்.

கணக்குப் போட அப்பாவின் களஞ்சியம் செயலியில் இருக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளே போதும். பிடித்தம் போக கைக்கு வரும் தொகையைக் கூட்டாதீர்கள். பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகையைக் கூட்டுங்கள். சொசைட்டி கடன் போக வீட்டுக்கு இருபதாயிரம்தான் வருகிறது என்பது நியாயமான வருத்தம், ஆனால் சான்று அதைப் பார்க்காது.

3. பெயரையும் இனிஷியலையும் சரிசெய்யுங்கள்

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன் ஐந்து காகிதங்களை ஒரே மேசையில் பரப்பி வையுங்கள்: பிள்ளையின் ஆதார், பிளஸ் டூ மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், அப்பாவின் சம்பளச் சீட்டு. ஆதாரில் "கார்த்திகா முருகையன்", மதிப்பெண் சான்றில் "கார்த்திகா மு", வங்கியில் "மு.கார்த்திகா", அப்பாவின் சம்பளச் சீட்டில் "முருகையா". நம் ஊரில் இது சாதாரணம். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் கணினிக்கும், வடக்கே எங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்கும் இவர்கள் நான்கு பேர்.

எதை மாற்றுவது? மதிப்பெண் சான்றில் திருத்தம் செய்வது நீண்ட வேலை. மற்றதை மதிப்பெண் சான்றுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்கிவிட்டு, திரும்ப வந்து நிற்பவர்கள் உண்டு. அதனால் முதலில் எழுதிப் பாருங்கள், பிறகு ஆதார் மையத்துக்குப் போங்கள்.

அங்கே போகும்போதே பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் சொந்த செல்போன் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் எண்தான் இருக்கும். கணினி மையத்தில் உட்கார்ந்து ஓடிபி கேட்கும் நேரத்தில் அப்பா கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிக்கொண்டிருப்பார், போன் நிலையத்தில் கிடக்கும். ஓடிபி சில நிமிடத்தில் காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து.

4. சான்றிதழ்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

முதலில் அப்பாவின் அலுவலகக் காகிதம். சம்பளச் சான்றில் கையெழுத்துப் போடுவது நிலையத்தில் உள்ளவர் இல்லை, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகம். அங்கே ஒரு வெள்ளைத்தாள் மனு கொடுத்து, எதற்காக வேண்டும், எந்த நிதியாண்டுக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16 ஜூன் நடுவில் கிடைத்துவிடும், அதையும் சேர்த்து வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாமல் வருமானச் சான்றுக்குப் போட்டால் கிராம நிர்வாக அலுவலர் திருப்பி அனுப்புவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் இ-சேவை மையம். முதன்முறை என்றால் கேன் எண் என்ற விண்ணப்பதாரர் அடையாள எண் பதிவு செய்வார்கள். அதில் ஏறும் பெயரும் முகவரியும்தான் எல்லாச் சான்றிலும் அச்சாகும் என்பதால், ஆபரேட்டர் தட்டச்சு செய்யும்போது திரையை எட்டிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பிறகு வருமானச் சான்று. இ-சேவையில் ஆர்இவி 103 என்று கேட்டால் தெரியும், கட்டணம் 60 ரூபாய். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய் ஒப்புதலாகும். விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்று ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்துப் பார்க்கலாம். நின்றிருந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.

வருமானச் சான்று ஓர் ஆண்டுதான் செல்லும். ஜனவரியிலேயே வாங்கி வைக்கும் முன்ஜாக்கிரதைக்காரர்களுக்கு அது அடுத்த ஜனவரியில், சரிபார்ப்பு நடக்கும்போதே காலாவதியாகிவிடும். ஜூன் கடைசியில் வாங்குவது நல்லது.

முதல் பட்டதாரிச் சான்று ஆர்இவி 104. தீயணைப்பு வீரர் வீடுகளில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பணியில் சேரப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதால், அப்பா பட்டதாரியாக இல்லாத வீடுகள் நிறைய. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. வருமான வரம்பு கிடையாது, சாதி பார்ப்பது கிடையாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது.

ஒரு சிக்கல் உண்டு. பதவி உயர்வுக்கு உதவும் என்று அப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் ஒரு பி.ஏ. முடித்திருப்பார், வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது, ஆனால் பணிப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அப்படியானால் பிள்ளை முதல் பட்டதாரி இல்லை. உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் முன் அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். அதுபோல இந்தச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. கலந்தாய்வுக்கு முன்பே சான்று கையில் இருக்க வேண்டும் என்பதால், வருமானச் சான்றைவிட இதற்கு முந்தியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். குடும்பத்தார் எல்லாருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலும் கேட்பார்கள். பாட்டியின் மாற்றுச் சான்றை எங்கே தேடுவது என்று பதற வேண்டாம், பள்ளிக்கே போகாதவர்களுக்கு உறுதிமொழி எழுதித் தரலாம்.

5. வங்கிக் கணக்கு

பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். அப்பாவின் சம்பளக் கணக்கைக் கொடுத்தால் பணம் வராது.

கணக்கு இருந்தாலும் போதாது. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்து கேஒய்சி முடித்துவிட்டால் வேலை ஆயிற்று என்று நினைக்கிறார்கள். அரசின் நேரடிப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயின் பதிவில் அந்த ஆதாருக்கு எதிரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போய் விழும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். பள்ளியில் படிக்கும்போது திறந்து, அட்டையைத் தொலைத்து, மறந்தேபோன அஞ்சலக வங்கிக் கணக்கு அங்கே நிற்கும். அந்தக் கணக்கை உயிர்ப்பித்து வைத்துக்கொள்ளலாம், அல்லது புது வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றலாம். எதுவானாலும் விண்ணப்பத்துக்கு முன் செய்யுங்கள்.

6. எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடையாது என்ற விதி பல திட்டங்களில் இருப்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் போடுவது தவறு.

பொறியியல் அல்லது டிப்ளமோ படிக்கும் பெண் பிள்ளை: தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருக்க வேண்டும், முதலாம் ஆண்டிலோ நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். தீயணைப்பு வீரரின் சம்பளத்துக்கு இவ்வளவு பொருந்திவரும் திட்டம் வேறு இல்லை. இருந்தும் "நாங்க கவர்மென்ட் ஸ்டாஃப், எங்களுக்கு வராது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் அதே வரம்பில் ஏஐசிடிஇயின் சக்ஷம் உதவித்தொகை.

கலை, அறிவியல் படிப்பவர்: பெரியார் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ மூன்றாண்டு இளநிலைப் படிப்பு என்றால், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கான இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை இல்லை. இரண்டரை லட்ச வரம்பு முதுகலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்படிப்புக்கும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் "சம்பளம் அதிகம்" என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்: பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், வருமான வரம்பு இல்லை, வேறு உதவித்தொகை வாங்குவது இதற்குத் தடையும் இல்லை. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் என்ற மாணவர் பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள். தொழிற்படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்கு கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அவர்கள் இந்த வழிகாட்டியில் வங்கிக் கணக்குப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

நல்ல மதிப்பெண், வருமானம் நாலரை லட்சத்துக்குள்: மத்தியத் துறைக் கல்வி உதவித்தொகை. இளநிலையில் ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் 20,000 ரூபாய். இதில் கேட்பது 80 சதவீத மதிப்பெண் அல்ல. அந்த ஆண்டு உங்கள் போர்டில் உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் மேல்பக்கத்து இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும். 82 சதவீதம் வாங்கிய பிள்ளை தகுதி பெறாமலும் போகலாம். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கினால் இது கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதில் தொகை அதிகம் என்று பார்த்து ஒன்றை எடுங்கள். பணி ஓய்வு பெற்று ஓய்வூதியத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்திவர வாய்ப்பு உண்டு, ஓய்வூதியத்தையும் வருமானமாகக் காட்ட வேண்டும்.

7. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்தல்

மத்தியப் படையினருக்கான பிரதமர் திட்டம், பிரகதி, சக்ஷம், மத்தியத் துறை உதவித்தொகை எல்லாம் என்எஸ்பி என்ற இந்தத் தளத்தின் வழியாகத்தான். முதலில் ஒருமுறைப் பதிவு. ஆதார் ஓடிபிக்குப் பிறகு செல்போன் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆதாரின் முக அடையாளச் செயலியையும் சேர்த்து நிறுவினால்தான் இது நடக்கும். நல்ல வெளிச்சத்தில் நின்று செய்யுங்கள். டியூப்லைட் பின்னால் இருந்தால் முகம் ஏற்காது. முடிந்ததும் 14 இலக்க எண் ஒன்று வரும். படிப்பு முடியும்வரை அதே எண்தான், அதனால் புத்தகத்தில் எழுதிவையுங்கள். தெரியாமல் இரண்டாவது பதிவு செய்யப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விண்ணப்பத்தில் கல்லூரியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் வரும், பெயரை நம்பாமல் கல்லூரி அலுவலகத்தில் ஏஐஎஸ்எச்இ குறியீட்டை, அதாவது கல்லூரிக்கு மத்திய அரசு தந்த அடையாளக் குறியீட்டைக் கேட்டு அதை வைத்துத் தேடுங்கள். தவறான கல்லூரிக்குப் போன விண்ணப்பத்தை உங்கள் கல்லூரியால் பார்க்கக்கூட முடியாது. கட்டணத்தை ரசீதில் உள்ளபடியே போடுங்கள், விடுதிக் கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்க்காதீர்கள்.

பெற்றோர் தொழில் என்று கேட்கும் இடத்தில் அரசு ஊழியர் என்றே போடுங்கள். "போட்டால் நிராகரித்துவிடுவார்கள்" என்று பயந்து கூலி என்று நிரப்பியவர்களின் விண்ணப்பம், இணைத்த சம்பளச் சான்றோடு முரண்பட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தேதி விஷயத்தில் தீயணைப்புக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல திட்டங்களின் கடைசி நாள் அக்டோபரை ஒட்டித்தான் வருகிறது. அப்போது கடலூரில் தீபாவளியும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும். தீபாவளிக்குப் பட்டாசுப் பாதுகாப்பு, அடுத்து வெள்ளம், புயல் என்று அப்பாவுக்கு விடுப்பே கிடைக்காது. கெடிலமும் பெண்ணையாறும் நிரம்பி ஓடும் வாரத்தில் மாவட்ட அலுவலகத்தில் போய்ச் சம்பளச் சான்று கேட்டால் யாரிடம் வாங்குவீர்கள்? அப்பாவின் கையெழுத்து, அப்பாவின் அலுவலகம், அப்பாவின் ஓடிபி தேவைப்படும் எல்லா வேலையையும் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள்.

8. கல்லூரியில் அச்சுப்படி கொடுப்பது

சமர்ப்பித்துவிட்டால் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தளத்தில் நுழைந்து ஏற்றுக்கொண்டால்தான் விண்ணப்பம் அடுத்த நிலைக்கு நகரும். அச்சுப்படியோடு மதிப்பெண் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, கட்டண ரசீது, வங்கிப் புத்தக முதல் பக்கம் ஆகியவற்றை வைத்து நேரில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். "டிஃபெக்டிவ்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், திருத்தச் சொல்லித் திருப்பியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஆனால் அதைத் திருத்தவும் ஒரு தேதி உண்டு, அதைத் தாண்டினால் எதுவும் செய்ய முடியாது. நிலையைப் பார்க்காமல் விட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் அந்த ஆண்டை இழக்கிறார்கள்.

9. அப்பா பணியில் இறந்திருந்தால்

இந்த வீடுகளில் காகித வேலையை யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ பார்ப்பார். அவருக்காகவே இந்தப் பகுதி.

முதலில் சம்பளக் கணக்கு இருந்த வங்கிக்குப் போங்கள். தமிழ்நாடு அரசு 2025-ல் ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்த வங்கிகளில் அரசு ஊழியர் சம்பளக் கணக்காக வைத்திருந்தவர் விபத்தில் இறந்தால் ஒரு கோடி ரூபாய் காப்பீடும், மகளின் உயர்கல்விக்குப் பத்து லட்சம் வரை உதவியும் அதில் அடக்கம். இயற்கை மரணத்துக்குப் பத்து லட்சம் ஆயுள் காப்பீடு. யாரும் தேடி வந்து தரமாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகவே இருந்திருந்தால் பொருந்தாமல் போகும். பணியில் இருக்கும் அப்பாக்கள் இதை இன்றைக்கே வங்கியில் கேட்டு, தங்கள் கணக்கை அந்த வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து வாரிசுச் சான்று. அது கிடைத்ததும் அம்மாவின் பெயரில் புதிய வருமானச் சான்று. பழைய சான்று அப்பாவின் முழுச் சம்பளத்தைக் காட்டும். அதையே இணைத்தால், இப்போது தகுதியுள்ள திட்டமும் கைநழுவிப் போகும். குடும்ப ஓய்வூதியம் வந்தால் அது வருமானம். கருணை அடிப்படையில் அம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தால் அந்தச் சம்பளமும் வருமானம்.

தம்பி தங்கைகள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்ததற்காக 75,000 ரூபாய் அவர்கள் பெயரில் வைப்பு நிதியாகப் போடப்படும். தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மூத்த பிள்ளையின் கல்லூரி வேலையில் இது மறந்துபோகிறது.

ஏஐசிடிஇயின் சுவநாத் திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 உண்டு. அது பெற்றோர் இருவரையும் இழந்தவர், கோவிடில் பெற்றோரை இழந்தவர், முப்படை அல்லது மத்தியப் படையில் கடமையின்போது உயிர்த்தியாகம் செய்தவரின் பிள்ளை ஆகியோருக்கு. அம்மா இருக்கும் மாநிலத் தீயணைப்பு வீரரின் பிள்ளை அதில் வரமாட்டார். பெண் பிள்ளை என்றால் பிரகதி, இல்லையென்றால் குறைந்த வருமானச் சான்றோடு மத்தியத் துறை உதவித்தொகை.

10. புதுச்சேரி ஊழியர் குடும்பங்களுக்கு

இங்கே மத்திய அரசு ஊதிய விதிகள் நடப்பில் இருப்பதால் பிள்ளைகள் கல்விப் படி வரும். அது பிளஸ் டூ வரைதான். பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐடிஐ சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு உண்டு. பட்டப்படிப்புக்குக் கிடையாது. கல்லூரி ரசீதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆண்டுக் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்கு இடம் பெற்றவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் கல்வி நிதியுதவித் திட்டம் இருக்கிறது. சென்டாக் வழியாக வராத இடத்துக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லையில் இருப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். வீடு ரெட்டிச்சாவடியில், கல்லூரி புதுச்சேரியில். அல்லது அப்பா வேலை புதுச்சேரியில், குடும்ப அட்டை கடலூரில். சான்றுகள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வாங்க வேண்டும். குடும்ப அட்டையும் ஆதார் முகவரியும் எந்தப் பக்கமோ அதுதான் உங்கள் மாநிலம், என்எஸ்பியிலும் சொந்த மாநிலம் என்ற இடத்தில் அதையே போடுங்கள். கல்லூரி இருக்கும் மாநிலம் தனிக் கட்டம். கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரிக் கல்லூரியில் சேரும் கடலூர்ப் பிள்ளைகள், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகையை நம்பிக் கணக்குப் போடும் முன், அந்தக் கல்லூரி அத்திட்டத்தில் வருமா என்று கடலூர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. பணம் வரும்போதும் அடுத்த ஆண்டும்

ஒப்புதல் ஆகியும் பணம் வராவிட்டால் கல்லூரியில் சண்டை போடும் முன், அரசுப் பணம் போகும் வழியைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அனுப்பித் திரும்பிவிட்டதா, இன்னும் அனுப்பவே இல்லையா என்று அதில் தெரியும். திரும்பியிருந்தால் கோளாறு கணக்கில். ஐந்தாவது பகுதிக்குப் போங்கள். "உங்க ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிடுச்சு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்த அலுவலகமும் அப்படிக் கேட்பதில்லை.

உதவித்தொகை தானாக அடுத்த ஆண்டுக்குத் தொடராது. ஒவ்வோர் ஆண்டும் அதே 14 இலக்க எண்ணில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள். அரியர் இருந்து மதிப்பெண் பட்டியல் தாமதமானால் கல்லூரியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்பாவுக்கு இடமாற்றம் வந்து வேறு மாவட்டம் போனாலும் பிள்ளையின் விண்ணப்பத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சம்பளச் சான்று மட்டும் புது அலுவலகத்தில் வாங்க வேண்டும், அதற்குப் பழைய அலுவலகத்தின் கடைசிச் சம்பளச் சான்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றல் உத்தரவு வந்த வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள்.